நுனி மழுக்காத கத்தி

உங்கள் கிருதா இரண்டும் ஒரே அளவில் இல்லை ஐயா. இடது பக்கம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. வெட்டியவர் நகர்ந்து வரச் சோம்பல்பட்டு, வலது பக்கம் நின்றபடியே எட்டி வெட்டியிருக்கிறார். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எதிரில் இருப்பவர் எவ்வளவு பெரிய அதிகாரியாக இருந்தாலும் என் கண் முதலில் காதுப் பக்கம்தான் போகும். தொழில் புத்தி.

ஒரு கையெழுத்துக்காகத்தான் என்னை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டீர்கள். போட்டுவிட்டுப் பேசாமல் போயிருப்பேன். ஆனால் எழுதியதை வாசித்துக் காட்டினீர்களே, அதில் ஒரு வரி உறுத்துகிறது. ‘கத்தியின் நுனி பிழையாகச் செய்யப்பட்டிருந்ததால் நேர்ந்த விபத்து.’ விபத்தா இல்லையா என்பது உங்கள் பாடு, அதில் நான் தலையிடவில்லை. பிழை என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் சரியில்லை. அந்தக் கத்தியில் பிழையே கிடையாது. அதைச் செய்தவர் பட்டறைக்காரர். எப்படி இருக்க வேண்டும் என்று அங்குலம் அங்குலமாகச் சொல்லிக் கொடுத்தவன் நான். அவர் அதை உங்களிடம் சொன்னபோது, தப்பித்துக்கொள்ளப் பார்க்கிறார் என்று நினைத்துவிட்டீர்கள். பாவம், அவர் சொன்னது உண்மை. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். கேட்டுவிட்டு அந்த வரியை மட்டும் மாற்றுங்கள்.

எங்கள் சலூனை நீங்கள் கூட்டம் கூடிய நாளில்தான் பார்த்தீர்கள். சாதாரண நாளில் பார்த்திருந்தால் பிடித்திருக்கும். இரண்டே நாற்காலி. ஒன்று தெருவைப் பார்த்த கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில், நல்ல வெளிச்சத்தில் இருக்கும். அதற்கு முன் நாற்காலி என்று பெயர். இன்னொன்று உள்ளே, கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில், டியூப்லைட்டுக்குக் கீழே இருக்கும். அது என்னுடையது. கடை என் மாமனாருடையது. நான் அந்த வீட்டுப் பெண்ணைக் கட்டிக்கொண்டு கடைக்குள் வந்தவன். மாமனார் ஓய்வெடுத்த பிறகு முன் நாற்காலியில் அவர் மகன், என் மைத்துனன், வேலை செய்தான். தற்காலிகமாகத்தான் என்று சொல்லியிருந்தார்கள்.

மைத்துனனுக்கு வாடிக்கையாளர்கள் வைத்த பெயர் பஞ்சு. கை அவ்வளவு மிருதுவாம். கத்தி பட்டதே தெரியாதாம். கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடம். அவனிடம் ஒரு வித்தை உண்டு. கன்னத்தில் மேலிருந்து கீழே இழுத்துக்கொண்டு வந்து, காதுக்குக் கீழே தாடை திரும்பும் இடத்தில் மணிக்கட்டை ஒரு சுழற்று சுழற்றுவான். கத்தி நுரையை அள்ளிக்கொண்டு காற்றில் ஒரு வட்டம் போட்டு வெளியே வரும். ஷேவுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. சும்மா ஜம்பம். ஆனால் நாற்காலியில் இருப்பவர்கள் அதற்காகவே கண்ணாடியில் பார்த்துக்கொண்டு காத்திருப்பார்கள்.

என் நாற்காலிக்கும் ஒரு பெயர் உண்டு. அவசர நாற்காலி. பஸ் பிடிக்க வேண்டியவர், ஆபீசுக்கு நேரமானவர், அழுகிற குழந்தையோடு வந்தவர், இவர்கள்தான் என்னிடம் வருவார்கள். மற்றவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து, அட்டை கிழிந்த பழைய பத்திரிகையை மூன்றாவது தடவையாகப் படித்துக்கொண்டு பஞ்சுவுக்காகக் காத்திருப்பார்கள். நான் துண்டை உதறி, “வாங்க சார், சும்மாதான் நிக்கிறேன்” என்பேன். “இருக்கட்டுங்க, எனக்கு ஒண்ணும் அவசரமில்ல” என்பார்கள். ரொம்பத் தன்மையாகத்தான் சொல்வார்கள். அந்தத் தன்மைதான் தாங்காது. இத்தனைக்கும் என் கையில் யாருக்கும் ஒரு வெட்டு விழுந்ததில்லை. அதை யாரும் பெருமையாகச் சொன்னதும் இல்லை.

அது போகட்டும். ஊரார் எங்கே வேண்டுமானாலும் உட்காரட்டும். மாமா என் நாற்காலியில் ஒரு தடவை உட்கார்ந்திருக்கலாம்.

மாமாவுக்குத் தினமும் காலையில் ஷேவ் செய்துகொள்ள வேண்டும். கடை திறந்ததும் முதல் ஆள் அவர்தான். நேரே மகனிடம் போவார். நான் வந்த புதிதில், “இன்னைக்கு நான் பண்றேன் மாமா” என்றேன். பதறிப்போய்விட்டார். “ஐயையோ, மாப்பிள்ளையைப் போயி வேலை வாங்குறதா? நல்லா இருக்காதுங்க” என்றார். அதற்குப் பிறகும் பல தடவை கேட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் அதே பதற்றம், அதே மரியாதை. என் மனைவியிடம் சொன்னால் சிரிப்பாள். “எங்கப்பா உங்களுக்கு மரியாதை குடுக்கறாரு. அதுக்கும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டா என்னதான் பண்றது?” என்பாள். மரியாதை என்ற பெயரில் ஒரு மனிதனை எவ்வளவு தூரத்தில் வேண்டுமானாலும் உட்கார வைக்கலாம் என்பது அவளுக்குத் தெரியாது. அவள் அந்த வீட்டுப் பெண்.

ஒருமுறை பஞ்சு காய்ச்சலில் படுத்துவிட்டான். கடையில் நான் மட்டும்தான். மாமா காலையில் வந்தார், பெஞ்சில் உட்கார்ந்தார், பேப்பர் படித்தார், போனார். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். அவர் முகத்தில் வெள்ளைத் தாடி முளைத்து வருவதைப் பார்த்துக்கொண்டே நான் ஊரார் முகத்தை எல்லாம் மழித்துக்கொண்டிருந்தேன். பஞ்சு எழுந்து வந்த அன்று, செருப்பைக்கூடக் கழற்றாமல் அவன் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். நான் உள்ளே போய்த் தொட்டியில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அழுதேன்.

இதை எல்லாம் மனதில் வைத்துக்கொண்டேன் என்று நினைக்காதீர்கள். மாமாவுக்கு நெஞ்சு வலி வந்தபோது ஆஸ்பத்திரியில் கூடவே இருந்தது நான். டாக்டரிடம் பேசியது நான். மாத்திரை தீருமுன் ஓடிப்போய் வாங்கி வந்ததும் நான். பஞ்சுவுக்கு ஆஸ்பத்திரி வாசனையே ஆகாது, மயக்கம் வந்துவிடும். ஒரு பெரிய மகன் செய்ய வேண்டியது அத்தனையும் செய்தேன். யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

வீடு திரும்பிய பிறகு மாமா எல்லோரையும் உட்கார வைத்துச் சொன்னார். இனிமேல் தற்காலிகம் என்ற பேச்சு வேண்டாம், கடைச் சாவியையும் முன் நாற்காலியையும் மகனிடம் முறைப்படி கொடுத்துவிடப்போகிறேன் என்றார். நாளும் பார்த்தாயிற்று. பெயர்ப்பலகையில் அவர் பெயருக்குப் பக்கத்தில் ‘மகன்’ என்று சேர்த்து எழுதப்போகிறார்கள். பஞ்சு என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். “மருமகன்னும் சேக்கலாம்னு பாத்தேன் அத்தான். எழுதுறவர் கணக்குப் போட்டுப் பாத்துட்டு, போர்டு பக்கத்துக் கடை வரைக்கும் போயிடும்ங்கிறாரு” என்றான். வீடே விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன். நல்ல கிண்டல்தான். அவன் மனதில் கள்ளம் கிடையாது, அதை நானே சொல்லிவிடுகிறேன்.

அன்றைக்குத்தான் கத்தி யோசனை வந்தது.

இப்போது எல்லாக் கடைகளிலும் அரை பிளேடு மாட்டுகிற கத்திதான். வேலை முடிந்ததும் பிளேடைத் தூக்கி எறிந்துவிடுவோம். ஆனால் பஞ்சுவுக்குப் பழைய மாதிரி மடக்குக் கத்தி மேல் ஒரு கிறுக்கு. கையால் அடித்த எஃகு, கொம்புப் பிடி, தோல் வாரில் தீட்டிக் கூராக்கிக்கொள்கிற கத்தி. போனில் அதைப் பற்றிய வீடியோவாகப் பார்த்துத் தள்ளுவான். சோறு தண்ணி வேண்டாம் அவனுக்கு. “பாருங்க அத்தான், மூடும்போது என்னா சத்தம்” என்று என் காதில் கொண்டுவந்து வைப்பான். சரி, பையன் முன் நாற்காலிக்கு வருகிற நாளில் அவனுக்கென்றே ஒரு கத்தி செய்து கொடுப்போம் என்று முடிவு செய்தேன். மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. திடீரென்று கொடுத்தால்தானே அழகு.

பட்டறைக்காரரை உங்களுக்குத் தெரியும். பெரிய உடம்பு, சத்தமான பேச்சு. வாய் ஒரு பக்கம் ஓடும், சுத்தியல் ஒரு பக்கம் ஓடும். யாருக்கு என்று கேட்டார். மச்சினனுக்கு என்றேன். “அட, மச்சினனுக்குச் சொல்லிச் செஞ்சு குடுக்குற மாப்பிள்ளையா? உங்களை எல்லாம் கண்ணாடிப் பொட்டியில போட்டுப் பூட்டி வைக்கணுங்க” என்றார். இரண்டு பேரும் சிரித்தோம்.

அவர் வேலை செய்கிற முறை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. எடுத்ததும் இரும்பைத் தொடமாட்டார். பிடிக்கப் போகிறவரின் கை எப்படி, கட்டைவிரல் எங்கே நிற்கும், சுண்டுவிரல் கத்தியின் பின்பக்க வாலில் படுமா படாதா என்று துருவித் துருவிக் கேட்பார். நான் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். பஞ்சுவின் கையை என்னைப்போல் பார்த்தவர்கள் யார்? எனக்குத்தான் வேலையே இல்லையே, நாள் முழுக்க அதைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று விஷயம் கேட்டேன். வெட்டும் அலகு, வழக்கமாக அவன் பிடிக்கும் கத்தியைவிட ஒரு நகக்கண் அளவு நீளமாக இருக்க வேண்டும். அவ்வளவுதான், கண்ணுக்கே தெரியாது. முதுகுப் பக்கம் நல்ல தடிமனாகவும் பிடி லேசாகவும் இருக்க வேண்டும். அப்போதுதான் மணிக்கட்டைச் சுழற்றும்போது கத்தி தன் கனத்திலேயே இன்னும் கொஞ்சம் போகும். அப்புறம் நுனி.

“நுனிய லேசா மழுக்கி உருட்டி விட்டுடறேன். தோல்ல குத்தாது” என்றார் அவர்.

“வேண்டாங்க. சதுரமா, மூலை கூரா இருக்கட்டும். மீசை ஓரமெல்லாம் கோடு போட்டாப்பல வரும்” என்றேன்.

“அது ரொம்பக் கவனமாப் புடிக்கறவங்களுக்குங்க.”

“அவன் கை பஞ்சு.”

“அப்ப சரி” என்றார்.

அப்படிக் கேட்டு வாங்குகிறவர்கள் உலகத்தில் இருக்கத்தான் செய்கிறார்கள் ஐயா. நுனி கூராக இருப்பது ஒரு குற்றமில்லை. எந்த ஒன்றும் தனியாக ஒரு குற்றமில்லை. நீளம், கனம், மூலை, மூன்றும் ஒரு குறிப்பிட்ட கையில் சேர்ந்தால்தான் பேசும். அதைத்தான் நான் வடிவமைப்பு என்கிறேன். நீங்கள் பிழை என்று எழுதியிருக்கிறீர்கள்.

முதலில் மரத்தில் ஒரு மாதிரி செதுக்கிக் கொடுத்து, கொண்டுபோய்ப் பிடித்துப் பாருங்கள் என்றார். வீட்டில் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, முகம் முழுக்க நுரை பூசி, பஞ்சு மாதிரியே இழுத்து, காதுக்குக் கீழே ஒரு சுழற்று சுழற்றினேன். நுரையில் ஒரு கோடு விழுந்தது. மெல்லிய, நேரான கோடு. அவ்வளவு நேர்த்தியாக என் கையால் எதுவும் வந்ததில்லை. நுரையை வழித்துவிட்டு மறுபடி பூசி மறுபடி செய்தேன். அதே இடம், அதே கோடு. வெளியிலிருந்து மனைவி கதவைத் தட்டினாள். “உள்ள என்ன நடக்குது? காலையில ஒரு தடவை, இப்ப ஒரு தடவை. யாராவது பொண்ணு பாக்க வர்றாங்களா?” என்றாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

என் திட்டத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒரு கீறல். அவ்வளவுதான். சாவி வாங்குகிற நாளில், பெஞ்சு நிறைய வாடிக்கையாளர்கள் பார்த்துக்கொண்டிருக்க, முன் நாற்காலியில் உட்கார்ந்த முதல் ஆளின் காதுக்குக் கீழே ஒரு சிவப்புக் கோடு. படிகாரம் வைத்தால் நின்றுவிடும். ஆனால் பெஞ்சில் இருந்தவர்களுக்கு மறக்காது. அடுத்த நாள் ஒருவராவது என் நாற்காலிப் பக்கம் பார்ப்பார். மாமாவும் ஒருவேளை பார்ப்பார். அதற்கு மேல் நான் எதற்கும் ஆசைப்படவில்லை.

கடை விடுமுறை நாளில் எல்லாம் பட்டறைக்குப் போய்விடுவேன். முதலில் அடித்த அலகு, பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கியபோது கோணிவிட்டது. பட்டறைக்காரர் அதைப் பார்த்து, அடம் பிடிக்கிற பிள்ளையைத் திட்டுவதுபோலத் திட்டித் தூக்கிப் போட்டார். இரண்டாவது சரியாக வந்தது. கருத்த கொம்புப் பிடி, பித்தளை ஆணி. கையில் வாங்கி மூடிப் பார்த்தேன். பஞ்சு வீடியோவில் கேட்பானே, அதே சத்தம். கொடுக்க மனமில்லாமல் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த நாளும் வந்தது. கடையை வெள்ளையடித்து, கண்ணாடி எல்லாம் துடைத்துப் பளிச்சென்று வைத்திருந்தோம். வீட்டார் எல்லோரும் வந்திருந்தார்கள். பெஞ்சு நிறைந்து வாசல்வரை ஆள். மாமா சாவியைக் கொடுத்ததும் நான் பெட்டியை நீட்டினேன். பஞ்சு திறந்தான். “எனக்கா அத்தான்? எனக்குன்னே செஞ்சதா?” என்று கேட்டுவிட்டு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, என் தோளில் கண்ணைத் துடைத்தான். எனக்கும் கண் கலங்கியது. நடிப்பில்லை. அந்த நிமிடம் எனக்கே என்னை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “நுனி ரொம்பக் கூரா இருக்கே” என்றான். மீசை ஓரத்துக்கு என்றேன். தலையாட்டினான். வாரில் நாலு இழுப்பு இழுத்தான். எழுதுபொருள் கடைக்காரர், தினமும் பஞ்சுவுக்காகக் காத்திருக்கும் ஆள், மோவாயைத் தடவிக்கொண்டு முன் நாற்காலிக்கு நகர்ந்தார். எல்லாம் நான் நினைத்தபடியே போய்க்கொண்டிருந்தது.

“பொறுங்க பொறுங்க” என்றார் மாமா. “புதுக் கத்தி முதல்ல வெளியாள் மேல படக்கூடாது. நம்ம கடை வழக்கம். வீட்டாள் ஒருத்தருக்குப் பண்ணிட்டுத்தான் மத்தவங்களுக்கு. அதுவும் வாங்கிக் குடுத்தவருக்குத்தான் மொத உரிமை. உக்காருங்க மாப்பிள்ளை.”

இந்த வழக்கம் எனக்குத் தெரியாது ஐயா. நான் அந்த வீட்டுக்கு வந்த பிறகு அங்கே இப்படி ஒரு கத்தி வாங்கியதில்லை. பிளேடு மாட்டுகிற கத்திக்கு இதெல்லாம் கிடையாதாம். பிறகு மனைவியிடம் கேட்டேன். “அப்பா சின்ன வயசுலேருந்து சொல்றதுதானே, உங்களுக்குத் தெரியாதா?” என்றாள். தெரியாது. மாப்பிள்ளையிடம் இதை எல்லாம் யார் சொல்வார்கள்? கத்தியின் ஒவ்வொரு மயிரிழையையும் யோசித்தவன், அந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு சின்ன வழக்கத்தில் மாட்டிக்கொண்டேன். யோசித்துப் பார்த்தால் உங்களுக்கே சிரிப்பு வரும்.

உட்கார்ந்தேன். என் வாழ்க்கையில் முதல்தடவையாக முன் நாற்காலியில் உட்கார்ந்தேன். பஞ்சு துணியைப் போர்த்தி, கிண்ணத்தில் நுரையைக் கலக்கினான். கண்ணாடியில் என் கழுத்து தெரிந்தது. காதுக்குக் கீழே அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கீறல்தானே, படிகாரம் வைத்தால் நின்றுவிடுமே, அதைத்தானே ஊராருக்கு நினைத்திருந்தேன். ஆனால் என் கழுத்து என்று வரும்போது அது அத்தனை சின்னதாகத் தெரியவில்லை. எனக்கு வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். உண்மையைச் சொல்ல முடியாது.

எழுந்து நின்றேன். “மாமா இருக்கும்போது நான் உக்கார்றதா? பெரியவங்க முதல்ல” என்றேன்.

என் மனைவி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கல்யாணமான புதிதில்கூட அப்படிப் பார்த்ததில்லை. மாமாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. “இதுக்குத்தான் மாப்பிள்ளைங்கறது” என்று சொல்லிக்கொண்டே வந்து உட்கார்ந்தார். நானே துணியை எடுத்து அவர் கழுத்தில் கட்டினேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர் கழுத்துத் தோல் எவ்வளவு தளர்ந்திருந்தது என்பது அப்போதுதான் என் விரலுக்குத் தெரிந்தது.

அது மரியாதைதான். வேறு எப்படி எடுத்துக்கொள்ள முடியும்? பெரியவர்களுக்கு இடம் விடுவது தப்பு என்றால் நான் என்ன செய்ய?

மாத்திரை விஷயத்தையும் நீங்கள் கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன். இதயத்துக்காக மாமா சாப்பிட்டது ரத்தம் உறையாமல் இருப்பதற்கான மாத்திரை. “சின்ன வெட்டுகூடப் படாம பாத்துக்கங்க. ஒரு தடவை வந்துட்டா லேசில நிக்காது” என்று டாக்டர் சொன்னார். சொன்னது என்னிடம்தான். வீட்டில் சொல்லவில்லை. தினமும் ஷேவ் செய்துகொள்கிற மனிதர். சொல்லியிருந்தால் பயந்து நிறுத்திவிடுவார், மனம் விட்டுப்போய்விடும். அவர் நன்மைக்காகத்தான் சொல்லவில்லை.

பஞ்சு ஆரம்பித்தான். உட்கார்ந்திருப்பது அப்பா, கத்தி புதிது. அதனால் ரொம்பக் கவனமாகச் செய்தான். மூச்சைப் பிடித்துக்கொண்டு, அங்குலம் அங்குலமாக இழுத்தான். வலது கன்னம் முடிந்தது, வலது தாடை முடிந்தது. காதுக்குக் கீழே வந்ததும் கத்தியைச் சுழற்றாமல் நேரே எடுத்துவிட்டான். சுத்தமான ஷேவ். ஒரு கீறல் இல்லை. மீதிப் பாதியையும் அதே மாதிரி முடித்திருப்பான். மாமா எழுந்து முகத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டு, சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருப்பார்.

அன்றைக்குக் கடையில் நடந்ததாக இதுவரை சொன்னதெல்லாம் அங்கே இருந்தவர்கள் உங்களிடம் ஏற்கெனவே சொன்னதுதான். அடுத்ததையும் அவர்கள் கேட்டார்கள், ஆனால் ஒருவரும் சொல்லியிருக்கமாட்டார்கள். அது அவர்கள் கணக்கில் ஒரு விஷயமே இல்லை. நான் கிண்டல் செய்தேன்.

“என்ன மச்சான், கத்தி புதுசானதும் கை பழசாயிடுச்சா?” என்றேன். “உன் சுழட்டல் இல்லாம இது ஒரு ஷேவா? இதுக்கு என் அவசர நாற்காலியே தேவலாம் போலிருக்கே.”

பெஞ்சில் எல்லோரும் சிரித்தார்கள். எழுதுபொருள் கடைக்காரர், “அதானே, அதுக்குத்தானே காத்துக்கிட்டு இருக்கோம்” என்றார். மாமாவும் நுரைக்குள் சிரித்தார். “காட்டுடா, அத்தான் ஆசைப்படறாரில்ல” என்றார். பஞ்சுவுக்கு வாயெல்லாம் பல். தோளைத் தளர்த்தினான். இடது கன்னத்தின் மேலே கத்தியை வைத்தான், ஒரே இழுப்பாக இழுத்துவந்தான், தாடை திரும்பும் இடத்தில் சுழற்றினான்.

கோடு நான் கணக்குப் போட்ட இடத்திலேயே விழுந்தது. மரத்தால் நுரையில் போட்டதைவிட ஆழம். தளர்ந்த தோலில் மூலை மாட்டிக்கொண்டது. மாட்டியதும் பஞ்சு பதறி வெடுக்கென்று இழுத்துவிட்டான். அது கை தானாகச் செய்தது, அவனைச் சொல்லக் கூடாது. மாமா முதலில், “ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்ல” என்றுதான் சொன்னார். வலியே தெரியவில்லை போலிருக்கிறது. கத்தி அவ்வளவு கூர். படிகாரம் வைத்தோம், துண்டை வைத்து அழுத்தினோம், அடுத்த துண்டு வைத்தோம். டாக்டர் சொன்னது சரிதான், லேசில் நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் நான்தான். வழியெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டு, “பையனைத் திட்டாதீங்க மாப்பிள்ளை” என்றே சொல்லிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய்ச் சேரும்போது அந்தப் பேச்சும் நின்றுவிட்டது.

பஞ்சு இப்போது கடைக்கு வருவதில்லை. கையைப் பார்த்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருக்கிறான். கரண்டியைப் பிடித்தால்கூட விரல் ஆடுகிறது. அவனுக்குச் சாப்பாடு ஊட்டுவது நான்தான். முன் நாற்காலியை நான் பார்த்துக்கொள்கிறேன், யாராவது பார்க்க வேண்டுமே. பெஞ்சு நிறைய ஆள் இருக்கிறார்கள். தற்காலிகமாகத்தான் என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன்.

ஆக, பிழை என்ற சொல்லை அடித்துவிடுங்கள். சொன்னபடி செய்யப்பட்ட கத்தி, சொன்ன இடத்தில் சொன்ன வேலையைச் செய்தது. என்ன நடக்கும் என்று தெரிந்துதான் நான் எழுந்தேன். தெரிந்துதான் அவரை உட்கார வைத்தேன். தெரிந்துதான் வாயைத் திறந்தேன். கீறல் போதும் என்று இவ்வளவு நேரம் சொன்னேனே, அது ஊராருக்குப் போட்ட கணக்கு. துணியைக் கட்டும்போது கணக்கு மாறிவிட்டது. எங்கே கையெழுத்துப் போடட்டும்?

ஒன்று விட்டுப்போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து மாமாவை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது முகத்தில் பாதிதான் மழித்திருந்தது. இடது பக்கம் அந்த ஒரு இழுப்பு போக நரைமுடி அப்படியே, நுரைகூடக் காய்ந்து ஒட்டியிருந்தது. அப்படியே அனுப்புவது நன்றாகவா இருக்கும் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். பஞ்சுவால் எழுந்திருக்க முடியவில்லை. எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். வெந்நீர் வைக்கச் சொல்லி, துணி விரித்து, மாமாவின் தலையை என் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, மீதிப் பாதியை நான் முடித்தேன். நிதானமாகச் செய்தேன். அவர் ஒரு தடவைகூட வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு கீறல் விழவில்லை ஐயா. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.